பஞ்சம் வருமுன் பத்தாயம்

(ஆர்.கே.பேட்டைப் பொதுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம், கஷ்ட காலம் வருவதற்கு முன்பாகவே அரசாங்கமானது ஜனங்களுக்கு அத்தியாவசியமான பொருள்களைச் சேகரித்து வைக்க வேண்டியதைப் பற்றியதாகும். இதில் கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கு இல்லை. மோட்சத்துக்கு எது வழி என்ற தர்க்கமும் இல்லை. இது வயிற்றைப் பற்றிய பேச்சு. ஆனால் வயிற்றைப் பற்றிய பேச்சில்தான் நம் ஜனங்களுடைய மூட நம்பிக்கை மிகவும் ஆழமாக வேர் விட்டிருக்கின்றது. எப்படியென்றால், “மழை பெய்யவில்லை; பஞ்சம் வந்தது; ஜனங்கள் செத்தார்கள்; எல்லாம் தலைவிதி” என்று நான்கு வார்த்தைகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து விடுகிறோம். மழை பெய்யாததற்கும் ஜனங்கள் சாவதற்கும் நடுவில் ஒரு கிடங்கு இருக்கிறது. அந்தக் கிடங்கில் தானியம் இருந்ததா? இருந்தால் அதை யார் திறந்தார்கள்? யார் பூட்டி வைத்தார்கள்? இந்தக் கேள்விகளை மாத்திரம் நாம் கேட்பதில்லை. அவைகளைக் கேட்கச் சொல்லுவதற்காகவே இங்கு வந்திருக்கிறோம். நாம் சொல்லுவதையும் அப்படியே ஒப்புக் கொள்ள வேண்டியதில்லை. உங்கள் அறிவில் நிறுத்துப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக் கொள்ளுங்கள்.

குதிரும் தறியும்

இந்தப் பக்கத்துக் குடியானவன் வீட்டில் ஒரு காலத்தில் குதிர் இல்லாத வீடு கிடையாது. அறுவடை ஆனவுடன் கேழ்வரகைக் காய வைத்துக் குதிரில் கொட்டி மூடி விடுவார்கள். கேழ்வரகு சீக்கிரத்தில் பூச்சி அரிக்காது. வருஷக் கணக்கில் தாங்கும். விதைக்கென்று எடுத்து வைத்ததை, வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் தொட மாட்டார்கள். இதை அவர்களுக்கு எந்தச் சாஸ்திரம் சொல்லிக் கொடுத்தது? எந்த ஜோசியன் நாள் குறித்துக் கொடுத்தான்? போன வருஷம் பட்ட கஷ்டம் சொல்லிக் கொடுத்தது. பட்டதை நினைவில் வைத்து, வரப்போவதைக் கணக்குப் போட்டு, இன்றைக்கே கை வேலையாகச் செய்து முடிப்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு. குதிர் வைத்த நம் பாட்டிமார்கள் இந்த விஷயத்தில் நல்ல பகுத்தறிவுவாதிகளாகவே இருந்திருக்கிறார்கள்.

ஆனால் நெசவாளி வீட்டில் குதிர் ஏது? இந்த ஊரிலும் சுற்றுப்புற ஊர்களிலும் தறியை நம்பிப் பிழைக்கிறவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டில் நூல் இருக்கும், பாவு இருக்கும், நெய்த துணி இருக்கும். நெல் இருக்காது. துணி விற்றால்தான் அரிசி. அதேபோல் கூலி வேலை செய்பவன் வீட்டிலும் குதிர் இல்லை. நிலமில்லாதவன் எதைக் கொண்டு குதிரை நிரப்புவான்? ஆகவே, குதிர் இல்லாதவனுக்குக் குதிராக இருக்க வேண்டியது யார் என்பதுதான் இன்றையக் கேள்வி. அது சர்க்கார்தான் என்பது நமது பதில். அது தர்மத்துக்காகச் செய்ய வேண்டிய வேலையுமல்ல. புண்ணியத்துக்காகச் செய்ய வேண்டிய வேலையுமல்ல. ஜனங்களிடம் வரி வாங்குகிற அரசாங்கம் செய்தே தீர வேண்டிய கடமை.

இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டு வந்த புது யோசனை என்றும் எண்ண வேண்டாம். வடக்கே கோரக்பூர் ஜில்லாவில் சோகௌரா என்ற ஊரில் ஒரு செப்பேடு கிடைத்தது. மௌரியர் காலத்ததாகச் சொல்லப்படும் அந்தச் செப்பேட்டில், இரண்டு களஞ்சியங்களைப் பற்றியும், அவைகளில் உள்ளதை ஆபத்துக் காலத்தில் எடுத்து உபயோகிக்க வேண்டியதைப் பற்றியும் எழுதியிருக்கின்றது. இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னேயே ஓர் அரசாங்கத்துக்குத் தோன்றிய யோசனை, பிற்பாடு வந்தவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

30,000 டன்

தோன்றவில்லை என்பதுகூடச் சரியல்ல. தோன்றியது, தடுத்து விட்டார்கள். அந்தக் கதையைக் கேளுங்கள்.

1876-இல் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்து 1878 வரையில் சென்னை மாகாணத்தை வாட்டியதைத்தான் தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர்கள் சொல்லி வந்தார்கள். பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயமுத்தூர் முதலிய ஜில்லாக்களோடு, அக்காலத்தில் இப்பகுதி சேர்ந்திருந்த வட ஆற்காடு ஜில்லாவும் அடிபட்டது. தென்னிந்தியா முழுவதிலும் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உயிர் தப்பியவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இலங்கைக்கும் மற்றத் தீவுகளுக்கும் தோட்டக் கூலிகளாகக் கப்பல் ஏறினார்கள்.

அப்பொழுது சென்னை கவர்னராயிருந்தவர் பக்கிங்காம் பிரபு. பஞ்சம் ஆரம்பித்த அந்த வருஷத்திலேயே சென்னை சர்க்கார் ஒரு வியாபாரக் கம்பெனியின் மூலமாக, வெளியில் தெரியாதபடி, 30,000 டன் தானியம் வாங்கிக் கையிருப்பு வைக்க ஏற்பாடு செய்தது. விஷயம் மேலே இருந்த இந்திய சர்க்காருக்குத் தெரிந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? “நல்ல காரியம் செய்தீர்கள், இன்னும் வாங்குங்கள்” என்றார்களா? இல்லை. தானிய வியாபாரத்தில் சர்க்கார் தலையிடக் கூடாது. சர்க்கார் வாங்க ஆரம்பித்தால் வியாபாரிகள் பயந்து விலகிப் போவார்கள். ஆகையால் இது தப்பு என்று ஆட்சேபித்தார்கள். வைசிராய் லிட்டன் பிரபுவுக்கு அந்தச் சமயத்தில் இதைவிடப் பெரிய வேலை ஒன்று இருந்தது. விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டுவதற்காக 1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் தர்ப்பார் நடத்த வேண்டியிருந்தது.

தோழர்களே, தானியம் கொண்டுவர வழியில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நமது பக்கத்திலுள்ள அரக்கோணம் வழியாக 1856-லேயே ரயில் ஓட ஆரம்பித்து விட்டது. சென்னைக் கடற்கரையிலே தானிய மூட்டைகள் மலைமலையாகக் குவிந்து கிடந்ததை 1877-இல் எடுத்த படம் இன்றைக்கும் இருக்கிறது. மூட்டை இருந்தது, ரயில் இருந்தது, பசித்தவனும் இருந்தான். பசித்தவனிடத்தில் காசு மாத்திரம் இல்லை. நெசவாளியின் நிலைமையோ இன்னும் மோசம். கஞ்சிக்கே வழியில்லாத காலத்தில் துணி வாங்குகிறவன் யார்? ஒரு பக்கம் அரிசி விலை ஏறிற்று. மறு பக்கம் துணி விலை போகவில்லை. இரண்டு பக்கமும் நசுங்கினவன் தறிக்காரன். இதையெல்லாம் மழையின் மேலும் விதியின் மேலும் போட்டு விட்டால் லிட்டன் பிரபுவுக்கும் அவருடைய தத்துவத்துக்கும் எவ்வளவு சௌகரியமாகப் போய் விடுகிறது பாருங்கள்! தலைவிதி என்பது பசித்தவனுக்கு ஆறுதல் என்று சொல்லுகிறார்கள். அது பசிக்க வைத்தவனுக்குத்தான் பெரிய ஆறுதல்.

மிச்சமானால் வீணா?

இந்தக் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. நாம் சொல்ல வந்ததில் முக்கியமானது அதுதான்.

சென்னைப் பஞ்சத்துக்கு மூன்று வருஷங்கள் முன்பு, 1873-74-இல், பீகாரில் பஞ்சம் தலைகாட்டியது. அங்கே நிவாரண வேலையை நடத்தினவர் சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற உத்தியோகஸ்தர். பர்மாவிலிருந்து 4 லட்சம் டன்னுக்கு மேல் அரிசியை சர்க்காரே தருவித்து ஜனங்களுக்குக் கொடுத்தது. பலன் என்ன? பட்டினியால் செத்தவர்கள் மிகவும் சொற்பம். இந்தியப் பஞ்சங்களின் சரித்திரத்திலேயே இது ஓர் ஆச்சரியமான வெற்றி. அதற்காக டெம்பிளுக்குக் கிடைத்த வெகுமதி என்ன? ஊதாரி என்ற பட்டம். “ஜனங்கள் சாகவில்லையே, அப்படியானால் அது பஞ்சமே அல்ல, இவ்வளவு அரிசி எதற்கு வாங்கினாய்? மிச்சமான அரிசிக்கு யார் பதில் சொல்லுவது?” என்று சீமைப் பத்திரிகைகள் அவரைத் தூற்றின.

அந்த மனிதர் பாடம் கற்றுக் கொண்டார். 1877-இல் அவரையே சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். இம்முறை சிக்கனத்தில் தமக்கு நிகரில்லை என்று காட்டிக் கொண்டார். நிவாரண முகாமில் கல்லுடைத்து மண் சுமக்கிறவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று குறைத்தார். இது உயிர் வாழப் போதாது என்று சென்னை சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எழுதி எழுதி ஆட்சேபித்தார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலியைத் திருத்தினார்கள். அதற்குள் போனவர்கள் போய் விட்டார்கள்.

இதில் என்ன தெரிகிறது? கையிருப்பு வைத்தவனுக்கு என்றைக்கும் நல்ல பெயர் கிடைக்காது. அவன் வேலை சரியாக நடந்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் கண்ணால் பார்க்க முடியும்? சாகாதவர்களுக்குச் சமாதி கட்ட முடியுமா? மிச்சமான அரிசி மூட்டை மாத்திரம் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆகவே, சேமித்து வைத்த சர்க்காரை ஊதாரி என்று திட்டுகிறோம். சேமிக்காமல் விட்ட சர்க்காரைத் திட்டாமல் விதியைத் திட்டுகிறோம். இப்படியிருக்கும் வரையில் எந்த சர்க்கார்தான் சேமிக்க முன்வரும்? கணக்குப் பார்க்கும் முறையை முதலில் நாம் மாற்றிக் கொள்ள வேண்டும். வீட்டுக் கூரையை மழைக்கு முன்னால் மாற்றினவனைப் பார்த்து, “உன் வீடு ஒழுகவே இல்லையே, எதற்குக் கூரை மாற்றினாய்?” என்று யாராவது கேட்பார்களா?

வங்காளமும் தஞ்சாவூரும்

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு கமிஷன் போட்டார்கள். 1880-இல் அறிக்கை வந்தது. பஞ்ச நிவாரணச் சட்டதிட்டங்கள் எழுதினார்கள். வேலை கொடுப்பது எப்படி, கூலி எவ்வளவு என்றெல்லாம் அதில் இருந்தது. ஆனால் தானிய வியாபாரத்தை வியாபாரிகள் கையிலேயே விட்டு விட்டார்கள். அதன் பலன் 1943-இல் தெரிந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்துக் கொண்டது. பர்மா அரிசி நின்று போயிற்று. எதிரி கைக்குப் போகக் கூடாது என்று வங்காளக் கரையோரத்தில் ஜனங்களுடைய படகுகளையும் அரிசியையும் சர்க்காரே அப்புறப்படுத்தியது. அரிசி விலை மலையேறிற்று. சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். அந்த வருஷத்தில் வங்காளத்தில் உணவு அடியோடு இல்லாமற் போகவில்லை. அதை வாங்கும் சக்திதான் கூலிக்காரனுக்கும் மீன் பிடிப்பவனுக்கும் கைத்தொழிலாளிக்கும் இல்லாமற் போயிற்று என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் விளக்கி எழுதினார். தாது வருஷத்து நெசவாளியின் கதையும் இதுதான் என்பதை மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

இவ்வளவு பேர் செத்துக் கொண்டிருந்த 1943-இல்தான், கிரெகரி என்பவர் தலைமையில் ஏற்பட்ட உணவு தானியக் கமிட்டி, நாட்டுக்கு 5 லட்சம் டன் தானியக் கையிருப்பு வேண்டுமென்றும், பெரிய பட்டணங்களில் ரேஷன் வேண்டுமென்றும் சிபாரிசு செய்தது. வீடு எரிந்து கொண்டிருக்கும்பொழுது கிணறு வெட்டலாம் என்று தீர்மானம் செய்தது போலத்தான்.

சுயராஜ்யம் வந்த பிறகும் உடனே நமக்குக் கையிருப்பு ஏற்பட்டு விடவில்லை. 1965-லும் 1966-லும் மழை தவறியது. 1966-இல் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிற்று. பெரும்பாலும் அமெரிக்கக் கோதுமை. கப்பலிலிருந்து இறங்கியது நேரே வாய்க்குப் போயிற்று. அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனோ அடுத்த கப்பலை அனுப்பலாமா வேண்டாமா என்று மாதாமாதம் தம் கையில் பிடித்து வைத்திருந்தார். அடுத்த வேளைச் சோற்றை இன்னொருவன் கையில் வைத்திருக்கிறவனுக்கு சுதந்திரம் எங்கே, சுயமரியாதை எங்கே?

அந்தக் காலத்தில் உணவு மந்திரியாயிருந்தவர் நம் தமிழ் நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1964-இல் செய்த சட்டத்தின்படி இந்திய உணவுக் கழகம் ஏற்பட்டது. அதன் தலைமை நிலையம் முதலில் சென்னையில் இருந்தது. முதல் ஜில்லா அலுவலகம் 1965 ஜனவரி 14-ஆம் தேதி தஞ்சாவூரில் திறக்கப்பட்டது. குறிப்பிட்ட விலைக்குக் குடியானவனிடம் வாங்குவது, கிடங்கில் வைப்பது, ரேஷன் கடை மூலம் கொடுப்பது என்ற மூன்று வேலையும் ஒரு சங்கிலியாயின. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. இப்பொழுது நாடு முழுவதற்கும் எந்த மாதத்தில் எவ்வளவு கையிருப்பு இருக்க வேண்டும் என்று ஓர் அளவு இருக்கிறது. 2015-இல் ஏற்பட்ட அளவின்படி, ஜூலை 1-ஆம் தேதியில் அரிசியும் கோதுமையுமாக 411.2 லட்சம் டன் இருக்க வேண்டும். அதற்குள்ளாக 50 லட்சம் டன், அதாவது கோதுமை 30 லட்சமும் அரிசி 20 லட்சமும், ஆபத்துக்கென்றே ஒதுக்கி வைப்பது.

இது எதற்கு உதவிற்று? 2020-இல் கொரோனா நோய் வந்து ஊரடங்கு போட்டார்களே, அப்பொழுது தெரிந்தது. தறி நின்றது, சந்தை நின்றது, கூலி நின்றது. ஆனால் கிடங்கில் தேவைப்பட்ட அளவுக்கு இரண்டு மடங்குக்கு மேல் தானியம் இருந்தது. தலைக்கு மாதம் 5 கிலோ வீதம் சுமார் 80 கோடி பேருக்கு இலவசமாகக் கொடுப்பது என்று உத்தரவு போட முடிந்தது. தாது வருஷத்தில் தறி நின்றபொழுது நெசவாளி செத்தான். 2020-இல் தறி நின்றபொழுது கஷ்டப்பட்டான், கடன்பட்டான், ஆனால் ரேஷன் கடைக்குப் போய் அரிசி வாங்கினான். இந்த வித்தியாசத்தை எந்தக் கிரகமும் செய்யவில்லை. ஒரு சட்டமும் கிடங்கும் கடையும் செய்தன.

கிடங்கு மாத்திரம் போதாது

ஆனால், கிடங்கு நிறைந்து விட்டது, இனி கவலையில்லை என்று நீங்கள் எண்ணி விடக் கூடாது. 2001-ஆம் வருஷத்தில் சர்க்கார் கிடங்குகளில் சுமார் 6 கோடி டன் தானியம் குவிந்திருந்தது. அதே சமயத்தில் ராஜஸ்தான் முதலிய இடங்களில் வறட்சியில் ஜனங்கள் பட்டினி கிடந்தார்கள். மனித உரிமைச் சங்கம் ஒன்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகுதான், பள்ளிக்கூடங்களில் சமைத்த சாப்பாடு போட வேண்டும் என்பது முதலான உத்தரவுகள் வந்தன. 2020-லும் அப்படித்தான். வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவன், கையில் அந்த ஊர் ரேஷன் அட்டை இல்லாத காரணத்தால், நிறைந்த கிடங்குகளைக் கடந்து வெயிலில் நடந்தே ஊருக்குப் போனான். பொருள் இருப்பது ஒன்று. அது உரியவன் கைக்குப் போய்ச் சேருவது வேறொன்று.

2021-இல் பிராண வாயுவுக்கு நேர்ந்ததும் இதுதான். பிராண வாயு போதிய அளவு உற்பத்தியாக ஏற்பாடு வேண்டும் என்று பார்லிமெண்டின் சுகாதாரக் கமிட்டி 2020 நவம்பரிலேயே எச்சரித்தது. ஐந்தே மாதத்தில் இரண்டாம் அலை வந்தது. கிழக்கே இரும்பு உருக்காலைகளில் திரவப் பிராண வாயு இருந்தது. அதை டில்லிக்குக் கொண்டுவர டாங்கர் லாரிகள் போதவில்லை. ரயிலில் ஏற்றிக் கொண்டு வருவதற்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஜனங்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். சேமிப்பு என்றால் பொருள் மாத்திரமல்ல. அதைச் சுமக்கும் வண்டியும், திறக்கும் ஆளும், திறக்க வேண்டிய நேரமும் சேர்ந்ததே சேமிப்பு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. அமெரிக்காவின் சங்கதியும் இப்படியே. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலுக்குக் கையிருப்பிலிருந்த முகமூடிகளை எடுத்துச் செலவு செய்தார்கள். செலவானதைப் போதிய அளவு மறுபடியும் நிரப்பவில்லை. 2020-இல் பணக்கார நாட்டு டாக்டர்களே முகமூடிக்குத் திண்டாடினார்கள்.

எண்ணெய் விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது என்று சொல்லலாம். விசாகப்பட்டினம், மங்களூர், பாடூர் ஆகிய மூன்று இடங்களிலும் பாறையைக் குடைந்து, 53.3 லட்சம் டன் கச்சா எண்ணெய் வைக்கும் குகைகள் செய்திருக்கிறார்கள். 2020-இல் உலகச் சந்தையில் விலை விழுந்தபொழுது அவைகளை நிரப்பிக் கொண்டார்கள். மலிந்த காலத்தில் வாங்கி வைப்பது என்ற பாட்டியின் யுக்திதான் இது. ஆனாலும் இந்த அளவு நாட்டுக்கு ஒன்பது பத்து நாளைக்குத்தான் காணும்.

தண்ணீரும் ஒரு சேமிப்புச் சரக்குதான். நம் ஜில்லாவில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த பூண்டி ஏரி யாருடைய தாகத்துக்கு என்பது உங்களுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம். தண்ணீர் கடலுக்கு ஓடிற்று. நான்கே வருஷத்தில், 2019 கோடையில், சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டு போயின. அப்பொழுது கோயில்களில் மழைக்காக யாகம் செய்யும்படி அறநிலையத் துறையிலிருந்து சுற்றறிக்கை போயிற்று. ஆனால் தாகத்தைத் தணிக்க வந்தது எது? ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக் கொண்டு வில்லிவாக்கம் வந்து சேர்ந்த ரயில். யாகத்தில் ஊற்றிய நெய் எவ்வளவு என்பதைவிட, 2015-இல் ஓடிய தண்ணீரில் எவ்வளவைத் தேக்கினோம் என்று கேட்டிருந்தால் ஜனங்களுக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கும்.

ஆட்சேபணைகள்

இதற்குச் சொல்லப்படும் ஆட்சேபணைகளையும் பார்ப்போம்.

“ஆண்டவன் படைத்தவன் படியளப்பான், மனிதன் என்ன செய்ய முடியும்?” என்பார்கள். சரி, பக்கத்துத் திருத்தணியையே எடுத்துக் கொள்ளுவோம். ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கானவர்கள் காவடி எடுத்துக் கொண்டு வருகிறார்கள். வருகிறவர்களுக்குத் தண்ணீரும் பஸ்ஸும் வைத்தியமும் முருகனே பார்த்துக் கொள்ளுவார் என்று கலெக்டர் சும்மா இருக்கிறாரா? பல நாளைக்கு முன்பே அதிகாரிகளைக் கூட்டி, தண்ணீர்த் தொட்டி எத்தனை, பஸ் எத்தனை, ஆம்புலன்ஸ் எத்தனை, போலீஸ் எத்தனை என்று கணக்குப் போடுகிறார். சாமி இருக்கும் மலைக்கே கணக்கு வேண்டியிருக்கிறதென்றால், சாமியைப் பார்க்க வராத நாட்களில் வயிற்றுக்குக் கணக்கு வேண்டாமா?

“சேமித்தால் மக்கிப் போகிறதே, எலி தின்கிறதே” என்பார்கள். மெய்தான். டெல்டாப் பக்கத்தில் கொள்முதல் நிலைய வாசலில் நெல் மூட்டை மழையில் நனைவதைப் பார்க்கிறோம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டோம் என்கிறார்கள். எடுக்கும் வரையில் குடியானவன் நெல்லை ரோட்டில் கொட்டிக் காவல் காக்கிறான். மறுபடியும் மழை வருகிறது. இது சேமிப்பின் குற்றமா, கொட்டகையும் உலர்த்தும் யந்திரமும் வைக்காதவர்களின் குற்றமா? பழைய அரிசியை முதலில் எடுத்துச் செலவு செய்து, புதிய அரிசியைப் பின்னால் வைப்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரிந்த சங்கதி. குடத்தில் ஓட்டை இருந்தால் அடைக்க வேண்டும். இனிமேல் தண்ணீரே எடுப்பதில்லை என்று சத்தியம் செய்யக் கூடாது.

“வியாபாரி சேமிக்க மாட்டானா? சர்க்கார் எதற்கு?” என்பார்கள். சேமிப்பான். நாம் வியாபாரியைத் திட்டவில்லை. அவன் விலை ஏறட்டும் என்பதற்காகச் சேமிக்கிறான். சர்க்கார் விலை ஏறாமல் இருக்கட்டும் என்பதற்காகச் சேமிக்க வேண்டும். இரண்டும் மூட்டைதான். ஆனால் ஒன்று பசித்தவனுக்கு எதிராக அடுக்கியது. மற்றொன்று பசித்தவனுக்காக அடுக்கியது.

நீங்கள் கேட்க வேண்டியது

ஆகவே, தோழர்களே! இதையெல்லாம் கேட்டு விட்டு, “நன்றாகப் பேசினார்கள்” என்று சொல்லிக் கொண்டு வீட்டுக்குப் போய் விடுவதில் பலனில்லை. சர்க்கார் கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு மூட்டையும் உங்கள் வரிப் பணத்தில் வாங்கினது. அதற்குக் கணக்குக் கேட்கும் பாத்தியம் உங்களுக்கு உண்டு. கெஞ்ச வேண்டியதில்லை.

நான்கு கேள்விகள் போதும். எங்கள் பகுதிக்கென்று என்ன பொருள், எவ்வளவு, எங்கே வைத்திருக்கிறது? வெள்ளமோ புயலோ நோயோ வந்தால் அதைத் திறக்க உத்தரவு போடுகிறவர் யார்? எத்தனை நாளில் எங்கள் ஊருக்கு வந்து சேரும், எந்த வண்டியில் வரும்? போன தடவை எடுத்ததைத் திரும்ப நிரப்பியாயிற்றா? அரிசிக்கு மாத்திரமல்ல, பாம்புக் கடி மருந்துக்கும், ஆஸ்பத்திரிப் பிராண வாயுவுக்கும், குடிதண்ணீருக்கும் இதே நான்கு கேள்விகள்தான். கிராம சபை கூடும்பொழுது கேளுங்கள். பதில் சொல்லாவிட்டால் 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 2013-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மாநிலம் முதல் ரேஷன் கடை வரையில் கண்காணிப்புக் கமிட்டி இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. உங்கள் கடைக்கு அந்தக் கமிட்டி இருக்கிறதா, அதில் தாய்மார்கள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர் எல்லையை ஒட்டினது. ரேஷன் அரிசி எல்லை தாண்டிக் கடத்தப்பட்டுப் பிடிபட்டதாக அடிக்கடி பத்திரிகைகளில் பார்க்கிறோம். நமக்கு இன்றைக்கு அந்த அரிசி வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளி விடுவோம் என்று நினைக்கிறவன், அடுத்த பஞ்சத்துக்கு வைத்த மூட்டையில் தானே ஓட்டை போடுகிறான். கடத்துகிறவனைக் காட்டிக் கொடுப்பது பாவம் என்று எண்ணிக் கொண்டிருப்பதும் ஒரு மூட நம்பிக்கையே.

கடைசியாக, மிச்சமானதைப் பார்த்துக் கோபிக்காதீர்கள். பத்து வருஷம் பஞ்சமே வராமல், பத்து வருஷமும் கிடங்கு நிறைந்தே இருந்து, பழையதை எடுத்துப் புதியதை வைத்துக் கொண்டே இருந்தால், அதற்காகும் செலவைத் தண்டம் என்று சொல்லுகிறவனை நம்பாதீர்கள். 1874-இல் பீகாரில் மிச்சமான அரிசிக்குக் கணக்குக் கேட்டவர்கள், 1877-இல் சென்னையில் செத்துப் போன ஜனங்களுக்குக் கணக்குக் கேட்கவில்லை. அந்தக் கணக்கை இனி நாம்தான் கேட்க வேண்டும். வானம் எப்பொழுது பொய்க்கும் என்பது நம் கையில் இல்லாமலிருக்கலாம்; கிடங்கு நிறைந்திருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்பது நம் கையில் இருக்கிற காரியம். அதைச் செய்யுங்கள்.